ஒரு வரி சேர்த்தால் ஒன்பது பக்கம் ஏன் கலைகிறது?

ஓசூர் சிப்காட்டில் எந்தச் சிறு தொழிற்கூடத்துக்குள் நுழைந்தாலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் தொங்கும். மேலே நிறுவனத்தின் பெயர், ஆவண எண், திருத்த எண், தேதி. கீழே எண் போட்ட படிகள்: பாகத்தை ஃபிக்ஸரில் பொருத்து, கிளாம்பை இறுக்கு, கதவை மூடு, சைக்கிள் ஸ்டார்ட் பொத்தானை அழுத்து. இதற்கு ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று பெயர், வாய்ப்பேச்சில் 'டபிள்யூ.ஐ.' அசோக் லேலண்டுக்கோ டி.வி.எஸ். மோட்டாருக்கோ பாகம் செய்து கொடுக்கும் நிறுவனங்களில் இப்படிப்பட்ட தாள்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கணினியில் தட்டியது.

அந்த யாரோ ஒருவரின் அன்றாடத் தலைவலி இது. வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர், மூன்றாம் படிக்குப் பிறகு 'ஏர் கன்னால் சிம்பை ஊதித் துடை' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியைச் சேர்க்கிறார்கள். சேர்த்த இடம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தாம் பக்கத்துப் படம் ஆறாம் பக்கத்துக்கு ஓடிவிட்டது. 'பாதுகாப்பு' என்ற தலைப்பு ஒரு பக்கத்தின் அடியில் தனியே நிற்க, அதன் செய்தி அடுத்த பக்கத்தில் கிடக்கிறது. எட்டாம் பக்கம் வெறுமையாக அச்சாகிறது. ஒரு வரி சேர்க்க ஒரு நிமிடம். கலைந்ததை அடுக்க அரை நாள்.

கணினிக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. தனக்குச் சொன்னதைத்தான் அது செய்கிறது. அதற்கு என்ன சொல்லப்பட்டது என்பதில்தான் சிக்கல்.

சிக்கலின் வேர் தட்டச்சுப் பொறியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 'லோயர்', 'ஹையர்' முடித்தவர்களுக்குத் தலைப்பை நடுவில் வைக்கும் வித்தை தெரிந்திருக்கும். உருளையைத் தாளின் நடுவுக்குக் கொண்டுவந்து, தலைப்பில் இரண்டு எழுத்துக்கு ஒரு முறை வீதம் பின்னே நகர்த்தி, அங்கிருந்து அடிக்கத் தொடங்க வேண்டும். தமிழ்ப் பொறியில் இன்னொரு நுட்பமும் உண்டு: புள்ளி போன்ற குறிகளைத் தட்டினால் உருளை நகராது, ஆகவே அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடிக்கோடு வேண்டுமென்றால் பின்னே வந்து கோட்டு விசையைத் தட்ட வேண்டும். தாளின் மீது ஒவ்வொரு அங்குலமும் விரல் போட்ட கணக்கு. அது உண்மையான கைத்திறன். அதைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் தாளில் அடித்தது அடித்ததுதான்; அது அப்புறம் நகராது. கணினித் திரையில் உள்ள எழுத்து நீர் போல எப்போதும் நகரும். அடுத்த பக்கத்துக்குப் போக என்டர் விசையைப் பதினோரு முறை தட்டினால், பதினோரு வெற்றுப் பத்திகள் கோப்புக்குள் போய் உட்கார்கின்றன. மேலே ஒரு வரி கூடியதும் அந்தப் பதினொன்றும் சேர்ந்து ஒரு வரி கீழே இறங்குகின்றன. கடைசி வெற்றுப் பத்தி அடுத்த பக்கத்தில் விழுகிறது, அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் நிலைகுலைகிறது. வெறும் பக்கம் பிறக்கும் கதை பெரும்பாலும் இதுதான்.

இது ஊகமல்ல, கண்ணால் பார்க்கலாம். வேர்டில் சேமித்த ஒரு டாக்எக்ஸ் கோப்பை நகலெடுத்து, நகலின் பெயர்க் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸை எடுத்துவிட்டு ஜிப் என்று மாற்றித் திறந்தால், அது ஒற்றைக் கோப்பே அல்ல, பல கோப்புகளின் கட்டு என்பது தெரியும். 2008இல் ஐ.எஸ்.ஓ. 29500 என்ற எண்ணில் உலகத் தரமான வடிவம் இது. உள்ளே எல்லாம் படிக்கக்கூடிய எழுத்துகள்தான். வேர்ட் என்ற கோப்புறைக்குள் இரண்டு கோப்புகள் முக்கியமானவை. ஒன்றின் பெயர் டாக்குமெண்ட்; அதில் நாம் எழுதிய பத்திகள் இருக்கும். மற்றொன்றின் பெயர் ஸ்டைல்ஸ். அதில் தோற்றத்தின் விதிகள் இருக்கும்.

இப்போது 'பாதுகாப்பு' என்ற ஒரே தலைப்பை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தால் வேறுபாடு புரியும். முதல் விதத்தில், சொல்லைத் தேர்ந்தெடுத்து, தடிமனாக்கி, அளவு 14 ஆக்கி, நிறம் நீலமாக்குகிறோம். உள்ளே திறந்தால் அந்த ஒரு சொல்லைச் சுற்றி ஒரு பெரிய கூட்டம் நிற்கும்: எழுத்துருவின் பெயர், தடிமன், நிறத்தின் எண், அளவு. அளவை வேர்ட் அரைப் புள்ளிகளில் எண்ணுவதால் 14 என்பது 28 என்று எழுதப்பட்டிருக்கும். தடிமனும் அளவும் ஆங்கில எழுத்துக்கு ஒரு முறை, தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கு இன்னொரு முறை என்று தனித்தனியே இருக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் இல்லை: இது ஒரு தலைப்பு என்ற செய்தி. கணினியைப் பொறுத்தவரை இது கொஞ்சம் பெரிதாக, கறுத்துத் தெரியும் இன்னொரு வரி, அவ்வளவே.

இரண்டாம் விதத்தில், அதே சொல்லின் மீது கர்சரை வைத்து 'ஹெடிங் 1' என்ற ஸ்டைலைத் தேர்கிறோம். உள்ளே பார்த்தால் அந்தப் பத்திக்கு ஒரே ஒரு குறிப்புதான் இருக்கும்: இதன் ஸ்டைல் ஹெடிங் 1. அது எப்படித் தெரிய வேண்டும் என்பது ஸ்டைல்ஸ் கோப்பில், ஒரே இடத்தில் இருக்கிறது.

ஸ்டைலைத் தமிழில் பாணி என்கிறார்கள். தலைப்பு, உபதலைப்பு, படி, எச்சரிக்கை, படவிளக்கம் என்று ஆவணத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயருக்குத் தோற்றத்தை ஒரு முறை நிர்ணயிப்பது இதன் வேலை. எழுதுகிறவர் 'இது எச்சரிக்கை' என்று மட்டும் சொல்கிறார். எச்சரிக்கை சிவப்பா, பெட்டிக்குள்ளா, மேலே எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் ஸ்டைலின் பொறுப்பு.

ஓசூரில் இதை டூல் ரூமில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்லில் சொல்லிவிடலாம்: ஜிக். ஒரு தகட்டில் நான்கு துளை போட வேண்டும். ஒவ்வொரு தகட்டையும் அளந்து, மார்க்கிங் போட்டு, சென்டர் பஞ்ச் அடித்து டிரில் செய்யலாம். பத்துத் தகட்டில் இரண்டு தகடாவது முன்னே பின்னே போகும். அல்லது கடினப்படுத்திய புஷ் வைத்த ஜிக் ஒன்றைச் செய்து, தகட்டை அதில் வைத்துத் துளையிடலாம். யார் போட்டாலும் துளை அதே இடத்தில் விழும். அளவு பற்றிய முடிவு தொழிலாளியின் கையிலிருந்து ஜிக்குக்குப் போய்விடுகிறது. ஸ்டைலும் அதையே செய்கிறது. ஆனால் ஓரிடத்தில் அது ஜிக்கைத் தாண்டிப் போகிறது. டிராயிங் மாறித் துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போக வேண்டுமென்றால், ஜிக்கைத் திருத்தலாம், ஆனால் ஏற்கெனவே துளைத்த தகடுகள் ஸ்கிராப்தான். ஸ்டைலைத் திருத்தினால் ஏற்கெனவே எழுதிய இருநூறு தலைப்புகளும் அந்தக் கணமே மாறிவிடும். உள்ளே அவை எதுவும் தோற்றத்தைச் சுமக்கவில்லை, பெயரை மட்டுமே சுமக்கின்றன என்பதுதான் காரணம்.

எழுதப்பட்டது வேறு, அது தெரியும் விதம் வேறு என்று பிரிக்கும் இந்த எண்ணத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் வயதாகிறது. 1967 செப்டம்பரில் கனடா அரசு அச்சகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் வில்லியம் டன்னிக்ளிஃப் என்ற அச்சுத்துறைக்காரர் இதைப் பற்றிப் பேசினார். 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி மூவரும் ஜி.எம்.எல். என்ற குறியீட்டு முறையை உருவாக்கினார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளே அதன் பெயர். அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் வழக்கறிஞர் அலுவலகங்களின் ஆவணங்கள். எழுத ஒரு நிரல், தேட ஒரு நிரல், அச்சிட ஒரு நிரல். மூன்றும் ஒன்றின் கோப்பை ஒன்று புரிந்துகொள்ளவில்லை. 'சாய்வெழுத்து', 'நான்கு இடம் உள்ளே தள்ளு' என்ற கட்டளைகள் அச்சிடும் நிரலுக்கு மட்டும் பொருள்படும். 'இது தலைப்பு', 'இது பத்தி' என்று குறித்தால் மூன்றுக்கும் பொருள்படும். இந்த வழியில் வந்த எஸ்.ஜி.எம்.எல். 1986இல் ஐ.எஸ்.ஓ. தரமானது. இன்று இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்.டி.எம்.எல். அதன் வாரிசு.

இன்னொரு ஓடை கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஊறியது. 1974இல் பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி ஆகியோர் அங்கே உருவாக்கிய பிராவோ என்ற நிரலில்தான், திரையில் தெரிவது அப்படியே தாளில் வரும் வித்தை நடைமுறைக்கு வந்தது. சிமோனி 1981இல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். 1983இல் வேர்டின் முதல் பதிப்பு வெளிவந்தது. அந்த முதல் பதிப்பிலேயே ஸ்டைல் ஷீட் என்ற வசதி இருந்தது. அதாவது, ஸ்டைல் என்பது பிற்பாடு ஒட்டவைத்த அலங்காரமல்ல. வேர்டின் கருவிலேயே இருந்தது. ஆனாலும் நாற்பது ஆண்டுகளாகப் பெரும்பாலோர் அதைத் தொடாமலே எழுதிவருகிறார்கள். திரையில் உடனே பலன் தெரியும் தடிமன் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஸ்டைலின் பலனோ திருத்த எண் இரண்டாகும் நாளில்தான் தெரிகிறது. பள்ளிகளிலும் கணினிப் பயிற்சி மையங்களிலும் தடிமன், சாய்வு, அடிக்கோடு என்ற மூன்றோடு பாடத்தை முடித்துவிடுவது பெரிய இழப்பு. முதல் வகுப்பிலேயே தொடங்க வேண்டிய பாடம் ஹெடிங் 1.

ஸ்டைல்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வேர்டில் பெரும்பாலானவற்றுக்கு 'நார்மல்' என்ற ஸ்டைல்தான் மூலம். நார்மலின் எழுத்துருவை மாற்றினால், தமக்கென்று தனி எழுத்துரு வைத்துக்கொள்ளாத பிள்ளை ஸ்டைல்கள் எல்லாம் கூடவே மாறும். இவை எல்லாவற்றுக்கும் மேல் அடுக்கில் இருப்பது கையால் பூசிய அலங்காரம். அதற்கே கடைசி வார்த்தை. 'ஸ்டைலை மாற்றினேன், எல்லாம் மாறியது, இந்த ஒரு வரி மட்டும் அடம் பிடிக்கிறது' என்ற புகாருக்கு விடை இங்கே இருக்கிறது: அந்த வரியில் யாரோ பழைய பூச்சை விட்டுவைத்திருக்கிறார்கள். வரியைத் தேர்ந்து கன்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்தினால் எழுத்தின் மீதுள்ள பூச்சு உரிந்து ஸ்டைல் வெளியே தெரியும். லிப்ரே ஆபீஸில் இதற்குக் கன்ட்ரோலும் எம்மும்.

தோற்றத்தைவிட இதில் பெரிய விஷயம் எண். டபிள்யூ.ஐ. தாளுக்கே திரும்பினால், மெஷின் கதவைத் திறப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்ட வேண்டும் என்பது நான்காம் படி என்று வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டாம் படி, டூல் மாற்றுவதைப் பற்றியது. அதில் 'முதலில் படி 4-ஐச் செய்க' என்று கையால் தட்டியிருக்கிறார்கள். இப்போது மூன்றுக்குப் பிறகு, 'ஊதித் துடை' என்ற புதிய படி நுழைகிறது. பூட்டும் படி ஐந்தாகிவிட்டது. டூல் மாற்றுவதும் பதின்மூன்றாம் படியாகிவிட்டது. ஆனால் அதில் எழுதியிருப்பது இன்னும் 'படி 4'. அதைப் படித்து, புதிய நான்காம் படியின்படி சிம்பை ஊதிவிட்டு, ஓடுகிற மெஷினுக்குள் ஒருவர் கையை விடலாம். எண்ணைத் தானே போடும் பட்டியல் ஸ்டைலில் படிகளை எழுதி, 'படி 4' என்பதைத் தட்டாமல் கிராஸ் ரெஃபரன்ஸ் வழியாகச் செருகியிருந்தால், அந்த இடத்தில் இருப்பது எண்ணல்ல, பூட்டும் படியைச் சுட்டும் ஓர் இணைப்பு. கோப்பு முழுவதையும் தேர்ந்து எஃப் 9 அழுத்தினால் 'படி 5' என்று திருந்திவிடும். இந்த ஒரு விசையை அழுத்த மறக்கக் கூடாது, தானாக அது நடப்பதில்லை.

வாகனத் துறைக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 தரச்சான்றும் அதற்கு அடிப்படையான ஐ.எஸ்.ஓ. 9001-ம் ஆவணங்களைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்று வற்புறுத்துவது சும்மா அல்ல. 9001-இன் 2015 பதிப்பில் 7.5 என்ற பிரிவு முழுக்க இதைப் பற்றியதே: தலைப்பு, தேதி, எண், மொழி, வடிவம், ஒப்புதல். திருத்த எண்ணைப் பக்கத் தலையில் ஓரிடத்தில் வைத்து எல்லாப் பக்கமும் அதையே எடுத்துக்கொள்ளும்படி டெம்ப்ளேட் ஒன்று செய்துவிட்டால், முதல் பக்கத்தில் திருத்தம் 3, ஆறாம் பக்கத்தில் திருத்தம் 2 என்ற அவலம் நேராது.

இனி ஓசூருக்கே உரிய சிக்கல். பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் இது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் இங்கே வீட்டு மொழிகள். இந்தி பேசும் தொழிலாளர்கள் வடக்கிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஆலையில் ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று தன் 108ஆம் பிரிவில் வகுத்தது. ஆக, ஒரே ஆவணம் இரண்டு மூன்று எழுத்துமுறைகளில் வாழ வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்துக்கென்று வகுத்த ஸ்டைல்கள் தமிழுக்கு அப்படியே பொருந்தா. ஆங்கிலத்தில் வரி இடைவெளியை இத்தனை புள்ளி என்று இறுக்கமாகக் கட்டினால் அழகாக இருக்கும். தமிழில் 'கீ'யின் மேல் சுழியும் 'மூ'வின் கீழ் வாலும் வெட்டுப்படும். சாய்வெழுத்து தமிழ் அச்சுக்கு மரபில்லை. கணினி எழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் காட்டுகிறது, படிக்கக் கடினம். மிகத் தடித்த எழுத்தில் 'ணை', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் அடைந்துபோகும். இவற்றுக்கெல்லாம் தமிழ்த் தலைப்புக்கு ஒரு ஸ்டைல், தமிழ்ப் படிக்கு ஒரு ஸ்டைல், தமிழ் எச்சரிக்கைக்கு ஒரு ஸ்டைல் என்று ஒரு முறை உட்கார்ந்து வகுத்துவிட்டால் போதும். வேர்டும் லிப்ரே ஆபீஸும் ஒரே ஸ்டைலுக்குள் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு ஓர் எழுத்துரு என்று தனித்தனியே வைத்துக்கொள்ள இடம் கொடுக்கின்றன. ஒரே வரியில் 'டார்க்' (முறுக்குவிசை) அளவு ஆங்கிலத்திலும் மற்றது தமிழிலும் வந்தாலும் இரண்டும் தத்தம் எழுத்துருவில் நிற்கும்.

பழைய கோப்புகளில் ஒரு பொறி இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், உண்மையில் தமிழே அல்ல. 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினியில் அடித்துச் சேமித்தால், கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை முகமூடியாக மாட்டுவது எழுத்துரு. உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு என்ற பிரிவே இங்கே உடைந்துபோகிறது: எழுத்துருவை எடுத்தால் தமிழும் போய்விடும். இப்படிப்பட்ட கோப்பின் மேல் ஹெடிங் 1 போட்டதும் எழுத்துரு மாறி, தலைப்பு ஆங்கிலக் குப்பையாகிவிடுகிறது. ஸ்டைலைத் தொட்டாலே தமிழ் கெட்டுப்போகும் என்ற பயம் டி.டி.பி. கடைகளில் இன்றும் இருப்பதற்கு இதுவே காரணம், அதில் நியாயமும் உண்டு. யூனிகோடின் 1991ஆம் ஆண்டு முதல் பதிப்பிலிருந்தே தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்கள் இருக்கின்றன. 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. முதலில் எழுத்துரு மாற்றியால் கோப்பை யூனிகோடுக்குக் கொண்டுவந்து, பிழை பார்த்து, அதன் பிறகே ஸ்டைல் போட வேண்டும். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு.

பார்வையற்ற ஒருவர் ஓர் ஆவணத்தை எப்படிப் படிக்கிறார் என்று பார்த்தால் ஸ்டைலின் இன்னொரு முகம் தெரியும். என்.வி.டி.ஏ. என்பது விலையில்லாமல் கிடைக்கும் திரைவாசிப்பான், தமிழையும் வாசிக்கும். அதன் உலாவும் முறையில் ஹெச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். நாற்பது பக்க நிலையாணையில் விடுப்பு விதியைத் தேடுபவர் தலைப்பு தலைப்பாகத் தாவி அங்கே போய்விடலாம். ஆனால் தலைப்புகளைத் தடிமனாக்கி மட்டும் விட்டிருந்தால் ஹெச் விசைக்குத் தாவ இடமே இல்லை. முதல் வரியிலிருந்து முழுதும் கேட்டாக வேண்டும். கண்ணுள்ளவருக்குத் தலைப்பாகத் தெரிவது அவருக்கு வெறும் வரி. கோப்பின் உள்ளே நாம் பார்த்த அந்த வேறுபாடு இங்கே ஒரு மனிதரின் நேரமாக மாறுகிறது.

தொடங்க நினைப்பவர் இருக்கும் எல்லாக் கோப்புகளையும் ஒரே மூச்சில் திருத்தப் புறப்பட வேண்டியதில்லை. அடுத்த திருத்தத்துக்கு வரும் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, தலைப்புகளில் கர்சரை வைத்துக் கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தலாம், உபதலைப்புக்கு 2. லிப்ரே ஆபீஸில் ஆல்ட் தேவையில்லை. தோற்றம் பிடிக்கவில்லையென்றால் ஒரே ஒரு தலைப்பை விருப்பப்படி அலங்கரித்து, ஸ்டைலின் பெயர் மீது வலது சொடுக்கி, தேர்வுக்கு ஏற்பப் புதுப்பிக்கச் சொன்னால் மற்றவை பின்தொடரும். பத்திகளுக்கு நடுவே இடைவெளிக்காகத் தட்டிய வெற்று என்டர்களை நீக்கி, அந்த இடைவெளியை ஸ்டைலுக்குள் வைக்க வேண்டும். தலைப்பு பக்கத்தின் அடியில் தனித்து நிற்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். அடுத்த பத்தியோடு சேர்ந்தே நகர வேண்டும் என்ற விதி ஹெடிங் ஸ்டைல்களில் ஏற்கெனவே இருக்கிறது. வாட்ஸ்அப்பிலிருந்தோ இணையத்திலிருந்தோ ஒட்டும்போது எழுத்தை மட்டும் ஒட்டும் வழியைத் தேர்வது நல்லது. இல்லாவிட்டால் அந்நிய ஸ்டைல்கள் கூட்டமாக உள்ளே வந்துவிடும்.

பல மொழியில் ஆவணம் வைத்திருக்கும் கூடங்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி கிடைக்கிறது. ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்று பிரதிகளையும் ஒரே டெம்ப்ளேட்டில் எழுதினால் மூன்றிலும் ஸ்டைல் பெயர்கள் ஒன்றாகவே இருக்கும். வேர்டின் நேவிகேஷன் பேன் தலைப்புகளை மட்டும் இடப்பக்கம் வரிசையாகக் காட்டும். மூன்று கோப்பையும் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்தால் இந்தி தெரியாத தர மேலாளருக்கும் தெரிந்துவிடும்: ஆங்கிலத்தில் பதினான்கு தலைப்பு, தமிழில் பதினான்கு, இந்தியில் பதின்மூன்று. விடுபட்டது ஒன்பதாவது, எண்ணெய்க் கசிவு பற்றியது. மொழிபெயர்ப்பவரிடம் அந்த ஒரு பகுதியை மட்டும் கேட்டு வாங்கினால் போதும்.